சொல்லு கண்ணு

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பால்காரர் கேட்டார். பத்து மணிக்கு சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டார். சாயந்திரம் எதிர் வீட்டு சரோஜினி அக்கா கறிவேப்பிலைக்கு வந்தார், கறிவேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டு அவரும் கேட்டார்.

"ஏனுங்க பூங்கொடி, புள்ளைக ரெண்டையும் இன்னமும் ஸ்கூலுக்கு அனுப்பறதில்லீங்களா? ஊட்டுலயேதான் சொல்லிக் குடுக்கறீங்களாக்கும்?"

அக்காவுக்குத் தெரியாதது இல்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற மாதிரி, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் வீட்டு நிலவரத்தைக் குறித்துக்கொண்டு போகிறார்.

எனக்கும் பழகிவிட்டது. ஆளைப் பார்த்துத்தான் பதில். பால்காரருக்கு "வர்ற வருசம் பாக்கலாமுங்க". சிலிண்டர்காரருக்கு ஒரு சிரிப்பு. படித்தவர்கள் கேட்டால் பாடத்திட்டம், மனப்பாடம், பிள்ளையின் இயல்பு என்று அரை மணி நேரம் பேசுவேன். கேட்டவருக்குக் கொட்டாவி வரும்வரை விட மாட்டேன். சரோஜினி அக்கா மாதிரி விடாக்கண்டர்களுக்கு மட்டும் வாயால் சொல்வதில்லை, நேரிலேயே காட்டிவிடுவது.

"நித்திலா, இங்க வா. காத்தாடிக்கு ஏன் மூணு றெக்கைன்னு அத்தைக்குச் சொல்லு கண்ணு."

உடுமலையில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் காற்றாலைகள் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது காத்தாடி. ஊரில் எத்தனை பேருக்கு அதன் விவரம் தெரியும்? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்குத் தெரியும். நிலைக்கதவில் சாய்ந்து நின்று, சட்டை நுனியைத் திருகிக்கொண்டு, "ரெண்டு இருந்தா ஆடும். நாலு இருந்தா கனம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னிடம் சொல்லும்போது இதையே அரை மணி நேரம் சொல்வாள். இருந்தாலும் அக்கா வாயைப் பிளந்துவிட்டார்.

அக்கா போன பிறகு பின்பக்கக் குழாயடியில் நித்திலா வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் சோப்பு எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மாவு அரைத்தேன். கிரைண்டர் பெல்ட் மறுபடியும் நழுவுகிறது. வீட்டுக்காரரோ மோட்டார் கடை வைத்திருக்கிறார், வீட்டு கிரைண்டரைப் பார்க்க மட்டும் நேரமில்லை.

இன்று பின்னம். கபிலன் இட்லியை எட்டாக வெட்டினான், எட்டில் ஏழைத் தின்றான், "மிச்சம் அக்காவுக்கு" என்றான். ஆறு வயதுக்கு இந்தக் கணக்கு போதும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக்கனி. அவருடைய அண்ணன் விஸ்வநாதன் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்திருந்தார். தீவனக் கடைக்காரர். குரல் பெரிது, மனசும் பெரிதுதான். பிள்ளைகள் என்றால் உயிர். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"நித்திலா கண்ணு, எத்தனாவது படிக்கற?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் எங்கள் வீட்டில் பதில் இல்லை. கணக்கில் எட்டாவது, இங்கிலீஷில் ஆறாவது, காத்தாடியில் காலேஜ். அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லு கண்ணு" என்றேன். அவள் தரையைப் பார்த்தாள். கபிலன் இடையில் புகுந்து, "நான் நேரா பத்தாவதுங்க பெரியப்பா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு தம்பியை உட்காரவைத்துப் பேசினார். "தனசேகரா, ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் எனக்கு வேண்டியவரு. ஏழாவதுல ஒரு சீட்டு சொல்லி வெச்சிருக்கறேன். பொட்டப் புள்ள இப்படி வாயே தொறக்காம இருந்தா நாளைக்கு என்னாகும்? சிவகாமி பையன் கல்யாணத்துக்கு சொந்தபந்தம், ஒறம்பறைக அத்தன பேரும் வருவாங்க. அங்க நாலு பேரு முன்னால புள்ள நல்லாப் பேசட்டும், நான் இந்தப் பேச்சையே விட்டுடறேன். இல்லீன்னா ஜூன்ல சேத்தீரணும்."

சிவகாமி இவர்களுக்கு நடுவில் பிறந்தவர், என் நாத்தனார். அவர் பையனுக்குக் கல்யாணம் மே பதினொன்று. என் கணவர் அண்ணன் எதிரில் தலையாட்டுவதற்கென்றே பிறந்தவர், ஆட்டினார். நானும் "சரிங்க" என்றேன். ரோஷம்தான். என் பிள்ளையால் முடியாதா என்ன?

ஏப்ரல் 20, ஞாயிறு

"அண்ணன்கிட்ட உள்ளதச் சொல்லீரலாமல்ல?" என்றார் இவர், கடைக்குக் கிளம்பும்போது.

உள்ளதை இவரைத் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதினால் தப்பில்லை.

நித்திலா மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது. அந்த மிஸ் தினமும் முதல் பீரியடில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்பார். பதில் சொல்லும்வரை உட்காரக் கூடாது. அடிக்கவில்லை, திட்டவில்லை, "ம்ம், சொல்லு... சொல்லு" என்றுகொண்டே நிற்பாராம். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை அங்கே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பீரியட் முழுக்க நின்றிருக்கிறாள். ஒருநாள் நின்ற இடத்திலேயே யூனிஃபார்ம் நனைந்துவிட்டது. வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூட வேனைக் கண்டதும் என் காலைக் கட்டிக்கொண்டாள். நான் வேன்காரரைப் போகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம், இந்தப் பாடத்திட்டம், இயல்பு, சுதந்திரம் எல்லாம், பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது. பொய் இல்லை, ஆனால் முதலில் வந்தது அது இல்லை.

இதை ஊருக்குச் சொன்னால், 'அதுவா, பயந்த புள்ளையா' என்பார்கள். என் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம். கெட்டிக்காரி என்ற பெயர் வாங்கிக்கொடுக்கிறேன்.

கபிலனைப் பள்ளிக்கு அனுப்பாததற்கு என்ன காரணம் என்று இவர் கேட்டார். அக்கா வீட்டில் இருக்கும்போது அவனை மட்டும் எப்படி அனுப்புவது என்றேன். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு யோசனை. ரிசப்ஷனில் பாட்டுக் கச்சேரி உண்டு. இடைவேளையில் சொந்தக்காரப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு மைக் கொடுப்பார்கள், பாடுவதும் ஆடுவதும் நடக்கும். நித்திலா ஏறிக் காத்தாடியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டால் போதும். ஒரே கல்லில் மண்டபம் நிறைய மாங்காய். அதற்கப்புறம் எவரும் என்னிடம் வாய் திறக்க முடியாது.

நானே எழுதிக் கொடுத்தேன். மொட்டை மாடியில் பழகினோம். காத்தாடிகளைப் பார்த்துப் பேசும்போது தேன் மாதிரி வருகிறது. என் பக்கம் திரும்பிப் பேசச் சொன்னால் குரல் பாதியாகிவிடுகிறது. "சத்தமா சொல்லு கண்ணு, கடைசி சேர்வரைக்கும் கேக்கணும்" என்றேன். கபிலன் எதிரே உட்கார்ந்து, வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் கை தட்டினான். இரண்டே நாளில் பேச்சு அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது.

புதுச் சோப்பு வைத்தது வியாழக்கிழமை. அதற்குள் தேய்ந்து சின்ன வில்லையாகிவிட்டது.

மே 4, ஞாயிறு

நித்திலாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்பாவாடை எடுத்தோம். கடையில், "ஜுரம் வந்துட்டா கல்யாணத்துக்குப் போக வேண்டாமாம்மா?" என்று கேட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. உள்ளங்கைதான் ஐஸாக இருந்தது. துணிக்கடை ஏசி அப்படி.

மே 10, சனி

ரிசப்ஷன் முடிந்தது. இன்று எழுத ஒன்றும் இல்லை.

மே 11, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பொள்ளாச்சியிலிருந்து சாயந்திரம் வந்து சேர்ந்தோம்.

நேற்றையதையும் எழுதிவிடுகிறேன். கச்சேரிக்காரர் பேரைக் கூப்பிட்டார். நித்திலா மேடை ஏறினாள், மைக்கை வாங்கினாள். நான் கீழே முதல் வரிசையில் நின்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டபத்தில் மின்விசிறி சத்தம் கேட்டது. நான் வாயசைத்துச் சொன்னேன், "சொல்லு கண்ணு". அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் யாரோ "மைக் வேலை செய்யுதா பாருங்க" என்றார்கள். மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை சத்தமாகவே. அவள் கால்கள் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றாள்.

கபிலன்தான் காப்பாற்றினான். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி, அக்காவின் பேச்சை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்து, கும்பிட்டு, "நன்றி, எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க" என்றான். மண்டபமே சிரித்துக் கை தட்டியது. பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கும்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்தீங்களா" என்றுகூடச் சொல்லவில்லை. "ஜூன்ல சேத்தீரலாமுங்க" என்றார் மெதுவாக. அந்தப் பெரிய குரல் அவ்வளவு மெதுவாக வந்ததில்தான் எனக்கு அழுகை வந்தது.

இன்று மதியம் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், பெண் வீட்டு வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் பார்த்ததில்லை.

"மயில்கழுத்துப் பாவாடை உங்க புள்ளைங்களா? என்ற பக்கத்து எலையிலதான் உக்காந்திருந்துச்சு. அடேயப்பா, என்ன பேச்சு! சாப்புட்டு முடியற வரைக்கும் வாய் ஓயல. ஏழாவது பி செக்‌ஷனாமா. ஜன்னலோரம் எடமாமா, அங்கிருந்து பாத்தா காத்தாடி தெரியுமாமா. கிளாஸ் டீச்சரு தங்கமானவங்களாமா. யாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லவே மாட்டாங்களாமா. தெரிஞ்சவங்க தானா சொல்லலாமாமா. அப்பேர்ப்பட்ட ஸ்கூல் எங்கீங்க இருக்குது? என்ற பேத்திக்கும் கேக்கோணும்."

பக்கத்தில்தான் என்றேன்.

மே 12, திங்கள்

கல்யாணத் துணியெல்லாம் துவைத்தேன். பட்டுப்பாவாடையை நிழலில் உலர்த்தினேன். சமையல்: ரசம், அப்பளம்.

மே 14, புதன்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம், நானும் நித்திலாவும். அதட்டிக் கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது அது. நான் இராப்பகலாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இவள் முகம் தெரியாதவரிடம் போய் இல்லாத பள்ளிக்கூடத்தைச் சொல்கிறாள் என்றால்?

"அந்தப் பாட்டிகிட்ட ஏன் பொய் சொன்ன?"

ஒரு காம்பை முழுக்க உருவி முடித்தாள்.

"ஏழாவதுன்னு சொன்னா அதோட விட்டுடறாங்கம்மா. வேற எதுவும் கேக்கறதில்ல. அப்புறம் நம்ம பாட்டுக்குப் பேசலாம்."

"ஸ்கூலுக்குப் போகணும்னு ஆசையா இருக்கா?"

"தெரியல."

"பின்ன ஊட்டுல படிக்கறதுன்னு சொன்னா என்ன? வெக்கமா?"

"அப்படிச் சொன்னா நீ என்னக் கூப்புடுவ."

எனக்குப் புரியவில்லை என்றேன். கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், கோபம் இல்லாமல்.

"அங்க அந்த மிஸ் மட்டும்தாம்மா கேட்டாங்க. அதுவும் ஒரு பீரியடுதான். இப்ப பால்காரரு, சரோஜினி அத்தை, பெரியப்பா, கல்யாணத்துல எல்லாரும் கேக்கறாங்க. உன்னத்தான் கேக்கறாங்க. நீ என்ன நிக்க வெச்சு, சொல்லு கண்ணுங்கற."

பிறகு, "மிஸ்ஸாவது கண்ணுன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள்.

கீரையை அலசப் போனேன். நாலு தடவை அலசினேன். குழாயடியில் சோப்பு டப்பா இருந்தது. ஒவ்வொருவர் வந்துபோன பிறகும் இவள் இங்கே வந்து நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், கை வியர்த்துக் கொட்டுகிறது என்று அடிக்கடி பாத்ரூம் போகிறாள் என்று மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். அதை நான் எப்படி மறந்தேன்?

வேனைத் திருப்பி அனுப்பினேன், பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேன் மட்டும்தான் திரும்பிப் போயிருக்கிறது.

மே 18, ஞாயிறு

அண்ணன் வந்தார். கரஸ்பாண்டன்டிடம் பேசிவிட்டாராம். ஊஞ்சலில் உட்கார்ந்து நித்திலாவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, பெரியப்பா கேக்கறன், மனசுல இருக்கறதச் சொல்லோணும். ஸ்கூலுக்குப் போறியா, இல்லியா?"

அவள் சட்டை நுனியைத் திருகினாள். பதில் வராத இடத்தில் நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அந்த இரண்டு வார்த்தையும் பல் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அண்ணன் என்னைப் பார்த்தார், இவர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபியில் ஆடை கட்டிவிட்டது. கபிலன் வாயெடுத்தான், தொடையில் ஒரு கிள்ளு வைத்தேன்.

"யோசிச்சுச் சொல்றனுங்க பெரியப்பா" என்றாள் நித்திலா.

"எப்பச் சொல்லுவ?"

"யோசிச்சதுக்கு அப்புறமுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "இதென்னுங்க பதிலு? எதுக்குத்தான் புள்ளய ஊட்டுலயே வெச்சிருக்கறீங்க, இன்னைக்காவது சொல்லுங்க."

பாடத்திட்டம், இயல்பு எல்லாம் வரிசையில் வந்து நின்றன. எதையும் எடுக்கவில்லை.

"அங்க அவளுக்குப் பயமா இருந்துச்சுங்க. எல்லாரு முன்னாலயும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. இங்கயும் அதேதான் நடந்துட்டிருந்துச்சுன்னு எனக்கு இப்பத்தானுங்க தெரியும்."

யூனிஃபார்ம் நனைந்ததை மட்டும் சொல்லவில்லை. அது அவளுடையது.

அண்ணன் ஊஞ்சலை நிறுத்திவிட்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் நாலு பேரு முன்னால பேசச் சொல்லியிருப்பனுங்களா?" என்றார். அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார். அண்ணன் எதிரில் அவர் எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. "அண்ணா, அவ யோசிக்கட்டும். அவளாச் சொல்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். சீட்டு போனாப் போகுது."

"அந்தச் சீட்டு எனக்குங்க பெரியப்பா!" என்றான் கபிலன்.

விளையாட்டு என்று நினைத்தோம். சாயந்திரம் வரைக்கும் அவன் விடவில்லை. அங்கே நிறையப் பேர் இருப்பார்கள், தினமும் கேள்வி கேட்பார்கள், கை தூக்கலாம் என்கிறான். இவனை ஒரு வார்த்தைகூடக் கேட்காமலேதானே நான் வீட்டில் வைத்திருந்தேன்.

ஜூன் 2, திங்கள்

கபிலன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். பக்கத்துத் தெரு நகராட்சிப் பள்ளி. வாசலில் நான் அழுதேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் வந்து, "டீச்சர் என்ன அஞ்சு தடவ உக்காருன்னு சொன்னாங்க" என்றான் பெருமையாக.

நித்திலா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் போல நாக்கு துறுதுறுக்கிறது. அரிசி ஊற வைத்தேன்.

ஜூன் 11, புதன்

காற்று திரும்பிவிட்டது. நேற்றிலிருந்து கொடியில் துணி நிற்கவில்லை. காத்தாடிகள் எல்லாம் ஒன்றாகச் சுற்றுகின்றன.

நான் சமையலறையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். சரோஜினி அக்கா கறிவேப்பிலைக்கு வந்தார். வாசலில் நித்திலா மட்டும் இருந்தாள். ரீடிங் எடுக்கிற நாள் வேறு.

"ஏனுங்க பூங்கொடி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "சின்னது ஸ்கூலுக்குப் போவுது, பெருசு ஊட்டுல இருக்குது. இதென்ன கணக்குங்க?"

பதில் எதுவும் தயாராக இல்லை. "ஆமாங்க்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? அக்காவுக்கே அது போதவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் ஒன்றும் அகப்படவில்லை. அக்கா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன காத்துடா சாமி இது" என்றார், தனக்குத்தானே.

"பாலக்காட்டுக் கணவாய் வழியா வருதுங்க அத்தை" என்றாள் நித்திலா. "ரெண்டு பக்கமும் மலை, நடுவுல சந்து. சந்துக்குள்ள பூந்து வர்றதாலதான் இவ்வளவு வேகம். அங்க பாருங்க, அந்தக் கடைசிக் காத்தாடி மட்டும் வேற பக்கம் பாத்துட்டு நிக்குதா? அது இன்னும் திரும்பல. காத்து எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டுத் தானாத் திரும்பும். நாம தள்ள வேண்டியதில்ல."

"அப்படியா கண்ணு?" என்றார் அக்கா. வேண்டுமென்று கேட்கிற குரல் இல்லை அது, நிஜமாகவே கேட்ட குரல். நித்திலா சொல்லிக்கொண்டே போனாள். கடைசி சேர்வரைக்கும் கேட்கிற மாதிரி.

நான் கரண்டியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே போனால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. தாளிப்பு கருகிவிட்டது, மத்தியானம் அந்தப் பருப்பையே சாப்பிட்டோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் இன்னும் யோசிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. ஒன்றாம் தேதி வைத்த சோப்பு இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.